பதினேழு கல்வெட்டு

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் பீடி குடிக்க உட்காரும் இடம். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக வழி விட்டு, மேலே கல்லைப் பாவி, இரண்டு பக்கமும் குட்டைச் சுவர் வைத்திருப்பார்களே, அதுதான். வெள்ளைக்காரன் அதற்கு 'கல்வர்ட்' என்றோ என்னவோ பேர் வைத்தான். ரோட்டுக் கூலிக்காரர்கள் வாயில் அது கல்வெட்டு ஆயிற்று. கல்லை வெட்டிக் கட்டியதுதானே என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். "கல்வெட்டாண்ட நில்லு, வந்துடறேன்" என்று சொல்லாத ஆள் பெரம்பலூர் தாலுகாவில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சோழ ராசாக்கள் ஊர் ஊராகக் கல்வெட்டு வைத்தார்கள் என்று சொன்னபோது, நல்ல ராசாக்கள், ரோட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டதால் யாரும் என்னைத் திருத்தவில்லை.

நான் நல்லுசாமி. தாலுகா ஆபீஸ் வாசலில் பூவரச மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பது தொழில். பட்டா, ரேஷன் கார்டு, வரப்புத் தகராறு, எது கேட்டாலும் எழுதுவேன். சொல்கிறவர் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நல்லதாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவேன். கிணறு என்று வந்தால் 'ஏழை எளியோர் தாகம் தீர்க்கும் கிணறு' என்று எழுதுவேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சாப்பாட்டுக்கு மட்டும் சொன்னது அல்ல என்பது என் எண்ணம். நான் போட்ட அந்த உப்பு எப்படிக் கரித்தது என்பதையும் சேர்த்துத்தான் இப்போது சொல்லவேண்டியிருக்கிறது.

கொளஞ்சியப்பன் ரோட்டுக் கூலி. அரும்பாவூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில் மலையடிக்காடு என்று ஒரு சிற்றூர். அதற்கும் வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. அப்பா செல்லமுத்துவும் ரோட்டுக் கூலிதான். ஊருக்குள் வந்தால் கொளஞ்சியப்பனின் தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். கால் தெருவோரமாக ஒதுங்கிவிடும். ரோட்டில் அப்படி இல்லை. அது சர்க்கார் ரோடு. அவர் சிவப்புத் துணியைக் காட்டினால் எந்தப் பண்ணையின் வண்டியானாலும் நிற்கவேண்டும். அங்கே அவர் நடு ரோட்டில்தான் நடப்பார். இதை அவர் வாயால் சொன்னதில்லை. கூட நடந்தபோது நானே பார்த்தது.

அந்த ரோட்டுக்குத் துரை ரோடு என்று பேர். எந்தத் துரை என்று யாருக்கும் தெரியாது. நூறு வருசத்துக்கு முந்தி, தாது வருசப் பஞ்சத்தை ஒட்டி, கஞ்சிக்கு வேலை செய்ய வந்த கூட்டத்தை வைத்துப் போட்டது என்பார்கள். துரைக்கே பேர் மிஞ்சவில்லை, கல் சுமந்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும். ஆறு மைல் நீளம், ஒன்பது கொண்டை ஊசி வளைவு, பதினேழு கல்வெட்டு. இருபது அடி நடந்தால் ஓரடி ஏறும். எந்த இடத்திலும் அதற்கு மேல் ஏறாது. பாரம் இழுக்கிற மாடு வழியில் படுக்காமல் மேலே போய்ச் சேருவதற்காக அப்படி வகுத்திருந்தார்கள். பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர். அதில் சுண்ணாம்பு கிடையாது. கல்லைக் கல் கவ்விக்கொண்டு, மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். கசிவு வெளியேறச் சுவர் நெடுகத் துளைகள். மலைப்பக்கம் ஒரு வாய்க்கால். மலையில் பெய்கிற தண்ணீர் எல்லாம் அந்த வாய்க்காலில் இறங்கி, கல்வெட்டுக்குள் புகுந்து, ரோட்டுக்கு அடியாகவே போய்ப் பள்ளத்தில் விழும். ரோட்டின் மேல் ஒரு சொட்டு நிற்காது.

"வண்டி ரோட்டைக் கெடுக்காதுங்க. தண்ணிதான் கெடுக்கும்" என்பார் கொளஞ்சியப்பன்.

ஆகவே ஒவ்வொரு ஆவணியிலும், மழைக்காலத்துக்கு முன்னால், அவர் பதினேழு கல்வெட்டுக்குள்ளும் மலைப்பக்கமாக நுழைந்து பள்ளத்துப் பக்கமாக வெளியே வருவார். மண், சருகு, முள்ளம்பன்றி முள், ஒரு வருசம் செத்த ஆடு ஒன்று, எல்லாவற்றையும் வாரித் தள்ளிக்கொண்டே தவழ்ந்து போவார். மேலே நின்று குனிந்து பார்த்து, வெளிச்சம் தெரிகிறது, போதும் என்று எழுதிவிடலாம். மற்ற ரோடுகளில் அப்படித்தான் செய்தார்கள். இவருக்கு அது ஒத்துவராது.

"நுழைஞ்சு வெளிய வந்தாத்தாங்க அது கல்வெட்டு. வர முடியலேன்னா அது சுவரு."

அவர் மனைவி இருசம்மாள் அந்த ரோட்டுக்கு வைத்த பேர் மூத்தாள். ஆவணி மாதம் முழுக்கத் தலையெல்லாம் சருகும் சேறுமாக வீடு திரும்பும் புருசனைப் பார்த்து, "என்ன, மூத்தா வூட்டுலேருந்து வந்துட்டியா? அவ சோறு போட்டு அனுப்புனாளா?" என்று கேட்பார். இந்தக் கேலி முப்பது வருசமாக நடந்தது. கேலிதான் என்று கொளஞ்சியப்பன் நினைத்துக்கொண்டிருந்தார். பாதி உண்மை என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

1971-இல் மலைக்கு அந்தப் பக்கமாகப் புதுத் தார் ரோடு போட்டார்கள். துரை ரோட்டுக்கு ஓர் உத்தரவு வந்தது. 'இப்பாதையில் இனி வாகனங்கள் செல்லலாகாது' என்று ஒரே வரி. அடிவாரத்தில் இரண்டு கல்லை நட்டு வழியை அடைத்தார்கள். கொளஞ்சியப்பன் மண்வெட்டியும் கையுமாக ஓவர்சியர் ராசாங்கத்திடம் போய் நின்றார்.

"வண்டி போகக் கூடாதுன்னுதான போட்டுருக்கு?" என்றார் ராசாங்கம். "வேலையை நிறுத்துன்னு போட்டுருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப போய் வேலையப் பாரு."

ராசாங்கம் அதைச் சோம்பலில் சொன்னார். கொளஞ்சியப்பன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அடுத்த எட்டு வருசம், ஈ காக்கை போகாத அந்த ரோட்டில் புல் செதுக்கினார், பர்லாங் கல்லுக்கு வெள்ளை அடித்தார், கல்வெட்டுச் சுவரில் தாரால் நம்பர் எழுதினார், பதினேழிலும் நுழைந்து வெளியே வந்தார். ராசாங்கம் மாதாமாதம் 'போக்குவரத்து: இல்லை. சாலையின் நிலை: நன்று' என்று எழுதி அனுப்பினார். அந்த வருசங்களில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தவன் இறங்கும்போது அரை அங்குலம் குள்ளமாக இறங்குவான். தாலுகாவிலேயே குழி இல்லாத ரோடு ஆள் போகாத ரோடுதான். இதில் இருக்கும் வேடிக்கை மேலே இருந்த எவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

1979 மார்கழியில் கொளஞ்சியப்பன் என் மேசைக்கு வந்தார். துண்டு கக்கத்தில் இருந்தது.

"ஏம்ப்பா, என்ன சங்கதி?" என்றேன்.

"கல்வெட்டைப் பேத்தெடுக்கப் போறாங்கய்யா."

"எந்தக் கல்வெட்டு?"

"எல்லாந்தாங்க. பதினேழும். தாங்குசுவருங் கூட. அரியலூர் ரோட்டுல ஒரு பாலத்துக்குக் கல்லு வேணுமாம். ஏலம் வுடப் போறாங்கன்னு ஓவர்சியர் சொல்லிட்டாரு."

அரியலூரில் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை. செதுக்கிய கருங்கல்லுக்குத்தான் பஞ்சம். ஒரு பாலம் கட்டப் பதினேழு பாலத்தைப் பெயர்ப்பது என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.

"ஆள் போகாத ரோட்டுல கல்வெட்டு இருந்தா என்ன, போனா என்ன?" என்று கேட்டேன்.

"தண்ணி போவுதுங்களே" என்றார்.

பிறகு மெதுவாக விளக்கினார். கல்வெட்டு போனால் தண்ணீர் ரோட்டை அறுக்கும். ரோடு போனால் சுவர் சரியும். சுவர் சரிந்தால் மலை மண் எல்லாம் மலையடிக்காட்டு ஏரியில் வந்து படியும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எங்கப்பா பார்த்த வேலைங்க. நான் பார்க்கறப்ப போகக் கூடாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசைக்காலைப் பார்த்தார்.

எழுதினேன். 'மேற்படி மலைப்பாதையில் அமைந்துள்ள, பழமை வாய்ந்த, காண்பதற்கு அரிய பதினேழு கல்வெட்டுகளையும் பெயர்த்து ஏலம் விட இருப்பதாக அறிந்து மனம் பதைக்கிறோம்.' கல்வெட்டு அவர் சொன்னது. பழமையும் அருமையும் நான் போட்ட உப்பு. நான் எழுதி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் வண்டவாளத்தையும் எழுதி வைப்பதுதான் நியாயம்.

மனு கலெக்டர் ஆபீசுக்குப் போயிற்று. அங்கே அதைப் படித்த யாரோ ஒரு புண்ணியவான் நன்றாகப் படித்தவராக இருந்திருக்கவேண்டும். பங்குனி கடைசியில் சென்னையிலிருந்து பழுப்பு உறையில் பதில் வந்தது. பழங்காலத்துப் பொருள்களைப் பார்க்கிற ஏதோ ஓர் ஆபீஸ். 'தங்கள் மனுவில் கண்ட பதினேழு கல்வெட்டுகளையும் படியெடுக்க எமது அலுவலர் நேரில் வருகிறார். கல்வெட்டுகளை நன்கு சுத்தம் செய்து, ஒவ்வொன்றின் அருகிலும் போதிய தண்ணீர் தயாராக வைக்கவும்.'

அந்தக் கடிதத்தைக் கொளஞ்சியப்பனுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன்.

"கல்வெட்டுக்குன்னு மெட்ராஸ்ல தனி ஆபீஸே இருக்குது பாருங்க" என்றார் கொளஞ்சியப்பன். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நானும் எங்கப்பாவும் ஒரு நாளும் கேள்விப்பட்டதில்ல."

"படியெடுக்கறதுன்னா என்னப்பா? ரோட்டுல படி இருக்கா?"

"இல்லீங்களே. தண்ணி வைக்கச் சொல்றாங்கள்ல, வுட்டுப் பாப்பாங்க போலருக்கு. நல்லா ஓடுதான்னு. வெவரமான ஆளுங்கதான்."

அலுவலர் நடராசன் வந்தது சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வருகிற வழியில் சிறுவாச்சூர் காளியைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று ஜீப்பை நிறுத்தியிருக்கிறார். அவள் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். கதவு சாத்தியிருந்தது. பதினேழு கல்வெட்டு காத்திருக்கும்போது காளி எங்கே போய்விடப் போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்ததாகப் பின்னால் சொன்னார். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, கேன்வாஸ் ஷூ. கையில் சுருட்டிய பெரிய தாள், மைக் குப்பி, ஒரு பிரஷ். கல்வெட்டுக்கு எதற்கு மை என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. படித்தவர்களிடம் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

மலையடிக்காட்டுச் சனம் பாதி அங்கே நின்றது. இருசம்மாளும் தெருப் பெண்களும் விடியலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, ஒவ்வொரு கல்வெட்டின் மலைப்பக்கத்திலும் இரண்டு குடம் வைத்திருந்தார்கள். மூத்தாளைப் பெண் பார்க்க வருகிறார்களாம் என்று இருசம்மாள் கேலி பேசிக்கொண்டே சுமந்தார். ஆனால் சுமந்தார்.

"இதுதாங்க ஒண்ணாம் நம்பர்" என்று கொளஞ்சியப்பன் காட்டினார்.

நடராசன் குட்டைச் சுவரைச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "எழுத்து எந்தப் பக்கம்?"

"இந்தாண்ட பாருங்க. நான்தான் எழுதுனது."

சுவரில் தாரால் 1 என்று எழுதியிருந்தது.

"அது இல்லப்பா. பழைய எழுத்து. எத்தனை வரி?"

"வரிசைங்களா? மூணு வரிசை, மேல மூடுகல்லு."

"தேய்ஞ்சு போயிருக்குமோ?"

"தேயாதுங்க. உள்ள போய்ப் பாருங்க. எல்லாம் உள்ளதான் இருக்குது."

உள்ளே இருக்கிறது என்றதும் அவர் முகம் தெளிந்தது. டார்ச்சை வாங்கிக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து, மலைப்பக்கமாக நுழைந்து, பள்ளத்துப் பக்கமாக வெளியே வந்தார். சட்டையெல்லாம் ஒட்டடை. கொளஞ்சியப்பன் என் காதருகில், "பெரிய ஆபீசருங்க. நுழைஞ்சு பாக்கறாரு பாருங்க. எங்க ஓவர்சியரு ஒரு நாளும் நுழைஞ்சதில்ல" என்றார். பிறகு இரண்டு குடத்துத் தண்ணீரையும் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் குறைச்சலில்லாமல் ஓடியது.

இரண்டாவதிலும் நுழைந்தார். மூன்றாவதிலிருந்து வெளியே வந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே கல் மேல் உட்கார்ந்து தாளையும் மைக் குப்பியையும் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தார்.

"மனு எழுதினது யாரு?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். அவர் கல்வெட்டு என்றால் என்ன என்று ஐந்து நிமிசம் எனக்குச் சொன்னார். சோழ ராசாக்களைப் பற்றி முப்பது வருசமாக நான் நினைத்திருந்ததெல்லாம் அந்த ஐந்து நிமிசத்தில் தகர்ந்தது. கொளஞ்சியப்பனுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும், "அப்ப இதுக்குத் தனி ஆபீஸ் இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் அவமானத்தில் நின்றேன். அவர் ஏமாற்றத்தில் நின்றார். இரண்டில் எது கனம் என்று அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நடராசன் அப்போதே ஜீப் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. சுவரின் துளைகள் எதற்கு என்று கேட்டார். சுவர் ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். கொளஞ்சியப்பன் நடு ரோட்டில் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஓரமாகக் கேட்டுக்கொண்டே பதினேழாவது வரை ஏறினார். இறங்கும்போது, "ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்கப் போறவன் நூறு பேர். இதை எவன் பார்ப்பான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர் சென்னைக்கு அனுப்பிய அறிக்கையின் நகலைப் பிறகு பார்த்தேன். 'பதினேழு கல்வெட்டுகளும் நேரில் பார்வையிடப்பட்டன. மூன்றனுள் நுழைந்து ஆராய்ந்ததில் எழுத்துகள் புலப்படவில்லை. முழு ஆய்வு முடியும்வரை எவரும் இவற்றைத் தொடலாகாது.' ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அவரும் என் தொழில்காரர்தான், என்னைவிடக் கைதேர்ந்தவர் என்று மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டேன்.

ஏலம் நின்றது. கொளஞ்சியப்பன் தலையில் பலாப்பழம் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஆடி மாதம் அடிவாரத்தில் நீல நிற போர்டு வந்து இறங்கியது. குழி வெட்டி அதை நட்டதும் அவர்தான். நட்டு முடித்த பிறகு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். 'இங்குள்ள கல்வெட்டுகளைத் தொடுவதும், தோண்டுவதும், அவற்றிலிருந்து மண் முதலான எப்பொருளையும் அகற்றுவதும் தண்டனைக்குரிய குற்றம்.'

"மண்ணுமா?" என்றார்.

"மண் முதலானன்னு போட்டுருக்கு."

அடுத்த மாதம் ஆவணி.

மண் வார அனுமதி கேட்டு நான் இன்னொரு மனு எழுதினேன். நடராசனை அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதியவர் போர்டை நம்புகிறவர். 'உள்ளே படிந்துள்ள மண்ணில் முக்கியத் தடயங்கள் இருக்கக் கூடுமாதலால் அதை அகற்ற அனுமதி இல்லை' என்று பதில் வந்தது. கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். கல்வெட்டுகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர் வேண்டும் என்று ரோட்டு ஆபீசுக்கு எழுத, இடம் தெரிந்த ஆள் என்று ராசாங்கம் கொளஞ்சியப்பனையே அனுப்பினார். காக்கிச் சட்டை கொடுத்தார்கள், ஒரு விசில் கொடுத்தார்கள். தொட்டவர்களைப் பற்றி உடனே எழுதித் தெரிவிக்கவேண்டும் என்று உத்தரவும் கொடுத்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். பால் கெட்டுப் போகிறவரை பார்த்துக்கொண்டிரு என்று ஒரு பூனையிடம் சொன்னதை அப்போதுதான் பார்த்தேன்.

நிறுத்து என்று உத்தரவு வராததால் எட்டு வருசம் வேலை செய்த மனிதர், நிறுத்து என்று வந்ததால் நிறுத்தினார். நாலு ஆவணி போயிற்று. தினமும் ரோட்டில் ஏறி இறங்குவார். ஒவ்வொரு கல்வெட்டிலும் குனிந்து பார்ப்பார். முதல் வருசம் முழங்கால் மண், இரண்டாம் வருசம் இடுப்பு மண், மூன்றாம் வருசம் வெளிச்சம் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெரம்பலூர் வந்து என் மேசையில், "எல்லாம் பத்திரமா இருக்குதுன்னு எழுதுங்க" என்பார். நானும் எழுதினேன். எழுதுகிற எனக்கே கை கூசியது.

"ஒரு நாளைக்கு ரெண்டு கூடை அள்ளுனா யாரு கேக்கப் போறா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான்தாங்க கேக்கணும்" என்றார். "காவக்காரன் நான்தான்."

எண்பத்து மூன்று கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் துரை ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓட ஆரம்பித்தது. நூறு வருசத்தில் அது நடந்ததில்லை. கொளஞ்சியப்பன் காக்கிச் சட்டையைக் கழற்றினார். மடித்து போர்டின் அடியில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லை வைத்தார். விசிலையும் சட்டைப்பையில் போட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரில் இறங்கினார். அறுபதை நெருங்கிய உடம்பு. பொழுது சாய்வதற்குள் ஏழு கல்வெட்டில் நுழைந்து வெளியே வந்துவிட்டார். எட்டாவதில் மண்வெட்டியை ஓங்கும்போது காலடியில் ரோடு நகர்ந்தது. பின்னால் தாவினார். எட்டிலிருந்து மேலே பத்து கல்வெட்டும், அவற்றுக்கு இடையில் இருந்த சுவரும் ரோடும், ஒன்றன் பின் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கின. நூறு வருசம் யாரும் காப்பாற்றாமல் நின்ற ரோடு, காப்பாற்றத் தொடங்கி மூன்றரை வருசத்தில் போயிற்று.

அதிலிருந்து நாலாம் நாள் என் மேசைக்கு வந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"எழுதுங்கய்யா. போன வியாழக்கிழமை ஒரு ஆளு கல்வெட்டுல எறங்கி மண்ணை வாரிட்டான். பேரு கொளஞ்சியப்பன்."

பேனாவைக் கீழே வைத்தேன். "யாரு பாத்தா?"

"நான் பாத்தேனே."

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில வுட்டுக்காதீங்க. இன்னும் ஒண்ணரை வருசத்துல பென்சன். பேசாம இருங்க."

"மூணு வருசம் மண்ணைத் தொடாம இருந்தேனே, எதுக்கு? உத்தரவுன்னு. இப்ப இதை எழுதாம வுட்டா, அந்த உத்தரவு நெசமில்லன்னு ஆயிரும். அப்புறம் பத்து கல்வெட்டு எதுக்குங்க போச்சு?"

எனக்கு அழுகை வந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில், பத்துப் பேர் பார்க்க, வெட்கமில்லாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த 'பழமை வாய்ந்த' என்பதை நான் எழுதாமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். எழுதாமல் இருந்திருந்தால் பதினேழும் ஏலத்தில் போயிருக்கும் என்றும் நினைத்தேன். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க கொளஞ்சியப்பன்" என்றேன். அவர் தயங்கி, பிறகு உட்கார்ந்தார். அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். உப்பு சேர்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன்.

'காவலர் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு. தங்களின் விழிப்பான பணி பாராட்டத்தக்கது. கல்வெட்டுகளில் இறங்கிய கொளஞ்சியப்பன் என்பவர் இனி எக்காரணம் கொண்டும் அறிவிப்புப் பலகையைத் தாண்டி உள்ளே செல்லாதவாறு தாங்கள் கண்காணிக்கவும்.'

அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆபீஸ் பாராட்டு எழுதியது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன்.

"கொளஞ்சியப்பன்னு மட்டுந்தான போட்டுருக்குது? வேற பேரு இல்லியே?"

"இல்ல."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று எழுந்தார்.

அந்த ஆவணியில் மனசு கேட்காமல் மலையடிக்காட்டுக்குப் போனேன். போர்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கல்லின் மேல், காக்கிச் சட்டையும் விசிலுமாகக் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தார். வைகாசியிலிருந்து ஓரடி கூட அந்தப் பக்கம் வைக்கவில்லை என்று சொன்னார். மேலே எங்கேயோ மண்வெட்டி கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

"யாரு அங்க?" என்றேன்.

அவர் விசிலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொட்ட ஆளைப் பத்தி எழுதணும்ல?"

"நான்தான் போர்டைத் தாண்டிப் போகக் கூடாதுங்களே" என்றார் நிதானமாக. "உள்ள யாரு என்ன செய்றான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

நடராசன் அறிக்கையைப் போலவே, அதிலும் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் இறங்கும்போது இருசம்மாள் ரோட்டின் நடுவில் நடந்து வந்தார். சேலையை வரிந்து கட்டியிருந்தார். நரைத்த தலையெல்லாம் சருகு, முழங்கையெல்லாம் சேறு.

"மூத்தாளுக்கு வயசாயிப் போச்சு" என்றார் என்னைப் பார்த்து. "இவரையும் வரக் கூடாதுன்னுட்டாங்க. அவளப் பாக்க ஆளு வேணாமா?"

"எத்தனை?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

"ஏழும்."

"மேல நின்னு பாத்தியா, நுழைஞ்சு வெளிய வந்தியா?"

"வராம? உள்ளயே குடும்பம் நடத்துனனா?"

அவர் எழுந்து போர்டு வரைக்கும் போனார். அதைத் தாண்டாமல் நின்று, கையை மட்டும் நீட்டி, மண்வெட்டியை இருசம்மாளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.